மலையாளி: ஒரு பெயரும் அதன் அடைப்புக்குறியும்

தமிழ்நாட்டுக்கான பழங்குடிகளின் சட்டப் பட்டியலில் 'மலை' என்று தொடங்கும் பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கின்றன. மலை அரையன், மலைப் பண்டாரம், மலை வேடன், மலைக்குறவன், மலையாளி. இவற்றில் மலையாளிக்கு மட்டும் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி போட்டிருக்கிறார்கள். அதற்குள் ஆறு மாவட்டங்கள்: தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி. அந்த மாவட்டங்களில் வாழும் மலையாளியே பட்டியல் சொல்லும் மலையாளி. மற்ற இடங்களில் அதே பெயரோடு வாழ்பவரைப் பற்றிப் பட்டியல் வாய் திறப்பதில்லை.

கொட்டச்சேடு அந்த அடைப்புக்குறிக்குள் வரும் ஊர். ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழியாகச் சேலத்துக்கு இறங்கும் மலைச்சாலையில், ஏற்காடு வட்டத்தில் இருக்கிறது. சேர்வராயன் மலையின் மற்ற ஊர்களைப் போலவே காப்பியும் மிளகும் சூழ்ந்த ஊர். அங்கிருந்து ஒரு மாணவி கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சாதிச் சான்று கேட்டு இ-சேவை மையத்துக்குப் போனால், மையத்தில் இருப்பவர் வருவாய்த்துறைச் சேவைகளில் 101 என்ற எண்ணைத் திறப்பார். இருப்பிடச் சான்றுக்கு 102, வருமானச் சான்றுக்கு 103, குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற சான்றுக்கு 104. மற்ற சாதிகளுக்கு வட்டாட்சியர் அளவில் முடியும் காரியம் பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் வரை போகும். இந்த ஒரு வேறுபாடு போதும், விண்ணப்பத்தில் 'மலையாளி' என்று தட்டிய சொல் யாரைக் குறிக்கிறது என்பதை அந்த மென்பொருள் எங்கோ ஓரிடத்தில் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று சொல்ல.

தெரிந்து வைத்திருப்பது எப்படி? அதற்குச் சொல்லின் கதைக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

மலையாளி என்பது மலை, ஆளி என்ற இரண்டின் கூட்டு. 'ஆள்' என்ற வேரிலிருந்து வந்த இந்த 'ஆளி' தமிழில் ஓயாமல் உழைக்கும் ஈறு. முதலாளி, தொழிலாளி, பாட்டாளி, கூட்டாளி, கடனாளி, விருந்தாளி, அறிவாளி, படைப்பாளி என்று எதனோடும் ஒட்டிக்கொள்ளும். ஆள்பவர், உடையவர் என்பது அதன் அடிப்படைப் பொருள். ஆனால் நோயாளியைப் பாருங்கள். அவர் நோயை ஆள்வதில்லை, நோய் அவரை ஆள்கிறது. கடனாளியின் நிலைமையும் அதுதான். ஆகவே மலையாளி என்ற சொல் மலையை ஆள்பவர் என்று கம்பீரமாகவும் பொருள்படும், மலையோடு கட்டுண்டவர் என்று அடக்கமாகவும் பொருள்படும். சேர்வராயன், கொல்லி, பச்சை, கல்வராயன், சித்தேரி, ஏலகிரி, சவ்வாது மலைகளில் விவசாயம் செய்து வாழும் தமிழ் பேசும் மக்களுக்கு இந்தப் பெயர் ஏற்பட்டது இப்படித்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இவர்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேல். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் இவர்களுக்கே. பெயரோடு 'கவுண்டர்' என்ற பட்டம் சேரும். காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் மலையேறி வந்தார்கள் என்பது இவர்களுடைய மரபுக் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் இந்தக் கதையைப் பதிவு செய்திருக்கிறார்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் இதே இரண்டு உறுப்புகள் வேறொரு கூட்டத்துக்குப் பெயராயின. அங்கே மலையாளம் நாட்டின் பெயராகி, பிறகு மொழியின் பெயராகி, அதைப் பேசுபவர் மலையாளி ஆனார். பின்பகுதி 'ஆளம்' என்பதா, நிலத்தைக் குறிக்கும் 'அளம்' என்பதா என்று மொழியறிஞர்கள் வாதிடுவார்கள். எந்தப் பக்கம் வென்றாலும் 'மலை' அசையாது. ஏற்காட்டுக் கடைத்தெருவில் இந்த இரு மலையாளிகளும் எதிரெதிரே நின்று பேசிக்கொண்டிருக்கலாம். ஒருவர் பேசுவது தமிழ், மற்றவர் பேசுவது மலையாளம். பேச்சில் 'மலைக்காரர்' என்றும் 'கேரளாக்காரர்' என்றும் சொல்லிப் பிரித்துவிடலாம். கோப்பில் எழுத்து ஒன்றுதான். ஆங்கிலத்தில் எழுதினாலும் ஒன்றுதான்.

சட்டம் எழுதியவர்கள் இதை அடைப்புக்குறியால் தீர்த்தார்கள். பெயரை மாற்றவில்லை, புதுப்பெயர் சூட்டவில்லை. இந்தப் பெயர் எங்கே செல்லும் என்பதை மட்டும் பக்கத்தில் எழுதினார்கள். மென்பொருள் உலகில் இந்த அடைப்புக்குறிக்குப் பெயர் மெட்டாடேட்டா. தரவைப் பற்றிய தரவு. 'மலையாளி' தரவு என்றால் 'எந்த மாவட்டங்களில், எந்தச் சட்டத்தின்படி, எந்த ஆண்டிலிருந்து' என்பவையெல்லாம் அதைப் பற்றிய தரவு. தமிழில் இதை மீத்தரவு என்கிறோம். இந்தச் சொல்லுக்கும் ஒரு நீண்ட கதை உண்டு.

கிரேக்கத்தில் 'மெட்டா' என்றால் பின்னால், அடுத்து. அரிஸ்டாட்டிலின் கைப்பிரதிகளைக் கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில் ரோட்ஸ் தீவின் ஆண்ட்ரோனிகஸ் ஒழுங்கு செய்தபோது, இயற்பொருள் பற்றிய நூல்களுக்கு அடுத்து வைத்தவற்றுக்கு 'இயற்பொருளுக்கு அடுத்தவை' என்று பெயரிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. மெட்டாபிசிக்ஸ் என்ற பெருஞ்சொல் பிறந்தது அங்கே. அதாவது, தத்துவத்தின் உச்சி என்று பிற்காலம் கொண்டாடிய சொல் அலமாரியில் ஒரு நூலின் இருப்பிடத்தைச் சொல்லும் குறிப்பாகப் பிறந்திருக்கிறது. நூலைப் பற்றிய தரவு! பின்னால் வந்தவர்கள் 'அடுத்து' என்பதை 'அப்பால்' என்றும், 'அப்பால்' என்பதை 'மேல்' என்றும் படித்தார்கள். 1920களில் ஹில்பெர்ட்டும் அவரது குழுவினரும் கணிதத்தைப் பற்றிய கணிதத்துக்கு இந்த முன்னொட்டை எடுத்துக்கொண்டார்கள். 1930களில் டார்ஸ்கி மொழியைப் பற்றிப் பேசும் மொழிக்கு எடுத்துக்கொண்டார். நிரல்மொழிகள் பற்றி 1968இல் எழுதிய ஆய்வில் பிலிப் பேக்லி அதை டேட்டாவோடு சேர்த்தார். அடுத்த ஆண்டே ஜாக் மையர்ஸ் என்ற அமெரிக்கர் இது என் சொல் என்று தன் வழியில் உருவாக்கி, 1986இல் அதை வணிகச் சின்னமாகப் பதிவும் செய்துவிட்டார். பொருள்களைப் பற்றிய குறிப்புக்கு ஒரு பொதுச்சொல். அந்தச் சொல்லுக்கே ஓர் உரிமையாளர் என்று பதிவேட்டில் ஒரு குறிப்பு. எழுதிவைத்தாற்போல் அமைந்த வேடிக்கை.

தமிழ்ப் பக்கம் வருவோம். 'தரவு' நமக்குப் புதிய சொல்லில்லை. கலிப்பாவின் முதல் உறுப்புக்குத் தரவு என்று பெயர். அதன்பின் தாழிசை, தனிச்சொல், சுரிதகம். 'தா' என்ற வினையிலிருந்து வந்தது, தருவது, தரப்பட்டது. டேட்டாவின் மூலமான லத்தீன் சொல்லுக்கும் 'தரப்பட்டவை' என்றே பொருள். கலைச்சொல் ஆக்கியவர்கள் யாப்பிலக்கணத்தை நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, இதைவிடப் பொருத்தமாக ஒரு சொல் அமைவது அரிது. பாட்டில் முதலில் கொடுக்கப்படுவது தரவு. மற்ற உறுப்புகள் அதன்மேல் எழும்.

சிக்கல் 'மீ'யில் இருக்கிறது. மீ என்றால் மேல், மேற்பக்கம், உயர்வு. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தில் இது இடத்தைக் குறிக்கும் சொல்லாக வருகிறது. அதற்குப் பின் வல்லெழுத்து மிகாமல் இயல்பாக நிற்பதும் உண்டு, மிகுந்து வருவதும் உண்டு என்று அங்கேயே வழிவிடப்பட்டிருக்கிறது. மீகண் என்பது ஒருவகை, மேலாடையைக் குறிக்கும் மீக்கோள் மற்றொருவகை. ஆக 'மீதரவு' என்று எழுதுபவரும் 'மீத்தரவு' என்று எழுதுபவரும் தங்களுக்குள் சண்டையிட வேண்டியதில்லை. நான் ஒற்று மிகுத்தே எழுதுகிறேன். ஒற்றில்லாவிட்டால் 'மீதி'யும் 'மீது'ம் காதில் வந்து குறுக்கிடுகின்றன.

கடந்த சில பத்தாண்டுகளில் இந்த ஓரெழுத்தின் தலையில் நாம் ஏற்றிய சுமை கொஞ்சமில்லை. செவிக்கு எட்டாத ஒலியை மீயொலி என்றோம். மின்தடையற்ற பொருளை மீகடத்தி என்றோம். இணையப் பக்கங்களின் உரையை மீயுரை என்றோம். பிறகு மீத்தரவு. ஆங்கிலத்தில் அல்ட்ரா, சூப்பர், ஹைப்பர், மெட்டா என்று நான்கு முன்னொட்டுகள் தனித்தனியே செய்யும் வேலை. அளவில் மிகுந்தது, தன்மையில் விஞ்சியது, எல்லை தாண்டிப் பிணைவது, ஒன்றைப் பற்றி ஒன்று பேசுவது ஆகிய நான்கும் நம்மிடம் ஒரே மீ. மலையாளிக்கு நேர்ந்ததே இதற்கும் நேர்ந்திருக்கிறது. அடைப்புக்குறி போட்டு விளக்கும் வேலைக்கு நாம் வைத்த சொல்லுக்கே ஓர் அடைப்புக்குறி தேவைப்படுகிறது. 'தரவுக்குறிப்பு' என்று வைத்திருந்தால் பள்ளிப் பிள்ளைக்கும் முதல் பார்வையில் விளங்கியிருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் மீத்தரவு வேரூன்றிவிட்டது, பிடுங்குவது வீண் வேலை.

அதோடு, பழந்தமிழில் 'மீ' வெறும் உயரத்தை மட்டும் சொன்னதில்லை. இடைக்காலக் கல்வெட்டுகளில் நிலக்கொடை பேசும் இடங்களில் காராண்மை, மீயாட்சி என்ற இணைச் சொற்கள் வரும். காராண்மை நிலத்தை உழுது பயிரிடும் உரிமை. மீயாட்சி அதற்கு மேலான உரிமை, உழுபவரின் உரிமையையும் உள்ளடக்கி நிலத்தை உடைமையாகக் கொள்ளும் உரிமை. ஒரே நிலம், இரண்டு அடுக்கு உரிமை. மேல் அடுக்கு நிலத்தை நேரே தொடுவதில்லை, கீழ் அடுக்கு யாருக்கு, எந்த வரம்புக்குள் என்பதை ஆள்கிறது. மெட்டா என்ற முன்னொட்டு கணிதத்திலும் மொழியியலிலும் போய்ச் சேர்ந்த பொருளுக்கு மிக அருகில் நிற்பது இந்த மீயாட்சியின் மீ. கண்ணுக்கு மேல்புறமான மீகண்ணும் தோளுக்கு மேலான மீக்கோளும் இடத்தைச் சொல்பவை. மீயாட்சி அடுக்கைச் சொல்கிறது. மீத்தரவு என்ற கலைச்சொல்லுக்கு மரபில் முன்னோடி தேடினால் இங்கேதான் தேட வேண்டும்.

காராண்மை, மீயாட்சி, மலையாளி ஆகிய மூன்றிலும் 'ஆள்' இருப்பதைக் கவனிக்கலாம். இன்று அரசின் கணினிச் சேவைகளைக் கட்டமைக்கும் நிறுவனத்தின் பெயர் தமிழ்நாடு மின் ஆளுமை முகமை. அங்கேயும் அதே வேர். மலையை ஆண்டவர்களுக்குப் பெயராக இருந்த சொல், அவர்கள் பெயரைப் பதிவு செய்யும் எந்திரத்துக்கும் பெயராகியிருக்கிறது.

இப்போது 101ஆம் எண் சேவைக்குத் திரும்பலாம். சாதிச் சான்று என்பது ஒருமுறை அச்சிட்டுக் கையில் கொடுப்பதோடு முடிவதில்லை. கல்லூரிச் சேர்க்கை அதைக் கேட்கும், உதவித்தொகைத் துறை கேட்கும், தேர்வாணையம் கேட்கும். 2015 முதல் நாடெங்கும் புழங்கும் டிஜிலாக்கர் வழியாகவும் சான்றுகள் எடுத்துக் காட்டப்படுகின்றன. ஒவ்வொரு துறையும் தனக்கென ஒரு சரிபார்ப்பு எந்திரம் கட்டினால் பணமும் வீண், பிழையும் பெருகும். ஒருவர் கட்டிய சேவையைப் பலரும் அழைத்துப் பயன்படுத்துவதே பெரிய நிறுவனங்களும் அரசுகளும் கடைப்பிடிக்கும் முறை. அதற்கு அந்தச் சேவையைப் பற்றிய குறிப்பு வேண்டும். அதன் பெயர் என்ன, எதைக் கொடுத்தால் எதைத் தரும், யார் அழைக்கலாம், எந்தப் பதிப்பு, எந்தத் துறையின் பொறுப்பு, எப்போது ஓய்வுபெறும். இந்தக் குறிப்பு இல்லாத சேவை இருந்தும் இல்லாததுதான். எழுதியவர் மாற்றலாகிப் போனால் அவரோடு அதுவும் போய்விடும். அடுத்து வருபவர், ஏற்கெனவே இருப்பது தெரியாமல், அதே சேவையை இன்னொரு பெயரில் மறுபடி எழுதுவார். பெரிய நிறுவனங்களில் 'வாடிக்கையாளர் முகவரி' தரும் சேவைகள் ஒன்றுக்குப் பத்தாக முளைப்பது இப்படித்தான்.

'சேவை' என்ற சொல்லும் இந்த வம்பிலிருந்து தப்பியதில்லை. பெருமாள் கோயிலில் சேவை என்றால் தரிசனம். சமையலறையில் சேவை என்றால் பிழிந்த அரிசி மாவு. கணினியில் சேவை என்றால் அழைத்தால் பதில் தரும் நிரல். இடம் தெரிந்தால் குழப்பமில்லை. இடத்தை நீக்கிவிட்டுச் சொல்லை மட்டும் ஒரு பட்டியலில் வைத்தால் மூன்றும் முட்டிக்கொள்ளும்.

உலகத்துச் சேவைகளையெல்லாம் ஒரே பட்டியலில் வைக்கும் பேராசை ஒன்று 2000இல் எழுந்தது. ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், அரிபா ஆகிய நிறுவனங்கள் யுடிடிஐ என்ற பதிவேட்டு முறையை அறிவித்தன. தொலைபேசிக் கையேட்டைப் பார்த்துச் செய்ததால் அதன் பகுதிகளுக்கும் பக்க நிறங்களே பெயர். வெள்ளைப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயரும் முகவரியும், மஞ்சள் பக்கத்தில் தொழில் வகை, பச்சைப் பக்கத்தில் அந்தச் சேவையை எப்படி அழைப்பது என்ற தொழில்நுட்ப விவரம். ஐபிஎம், மைக்ரோசாஃப்ட்டோடு சாப் நிறுவனமும் பொதுப் பதிவேட்டை நடத்தியது. 2006 ஜனவரியில் அதை மூடிவிட்டார்கள். காரணம் தொழில்நுட்பக் குறை என்பதைவிட மனித இயல்பு என்றே சொல்வேன். முன்பின் தெரியாத நிறுவனத்தின் சேவையைப் பட்டியலில் பார்த்துவிட்டுத் தன் கணக்கு வழக்கை யாரும் அதோடு இணைப்பதில்லை. பதிந்தவர்களும் பதிந்ததோடு மறந்தார்கள், விவரங்கள் பழசாகிப் போயின. அதே முறை நிறுவனங்களின் மதிலுக்குள்ளே, ஒருவரை ஒருவர் தெரிந்தவர்களிடையே, இன்னும் பல வேடங்களில் உயிரோடிருக்கிறது. இந்திய அரசு 2015இல் திறந்த நிரல் இடைமுகங்களுக்கான (ஏபிஐ) கொள்கையை வெளியிட்டது. அதையொட்டி வந்த அரசுச் சேவைகளின் பட்டியலுக்கு 'ஏபிஐ சேது' என்று பெயர். சேது என்றால் பாலம், நமக்கு ராமேசுவரம்.

யுடிடிஐ போனாலும், அக்காலத்தில் செழித்த ஒரு கருத்து நிலைத்தது. 1999இல் வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு எக்ஸ்எம்எல் ஆவணங்களுக்குப் பெயர்வெளி என்ற ஏற்பாட்டை முறைப்படுத்தியது. ஒரே பெயரை இரண்டு பேர் இரண்டு பொருளில் பயன்படுத்தினால் பெயரை மாற்றாதே, அது யாருடைய வெளியில் வழங்குகிறது என்பதை முன்னால் சேர்த்துக்கொள் என்பது அதன் சாரம். 'மலையாளி' என்ற ஒரே பெயர், முன்னால் 'தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியல்' என்ற பெயர்வெளி வந்தால் ஒரு பொருள், 'மொழிக் கணக்கெடுப்பு' என்ற பெயர்வெளி வந்தால் மற்றொரு பொருள்.

சங்க இலக்கியத்தைத் தொகுத்தவர்களுக்கு இது பழகிய வேலை. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்ற பெயரில் நக்கீரன் மட்டுமே பெயர். மதுரை ஊர், கணக்காயனார் தந்தை. கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார் என்னும்போது இயற்பெயரே காணோம். வெளி மட்டும் மிஞ்சியிருக்கிறது. பாட்டுக்குக் கீழே திணையும் துறையும், பாடியவரும் பாடப்பட்டவரும் எழுதிவைத்தார்களே, புறநானூற்றின் அந்த அடிக்குறிப்புகள் தமிழின் முதல் பெரிய மீத்தரவுத் தொகுதி என்று தயங்காமல் சொல்லலாம். அவை இல்லாவிட்டால் பல பாடல்களில் யார் யாரைப் பாடினார் என்றே தெரிந்திருக்காது.

அகநானூற்றுத் தொகுப்பாளர் இன்னும் ஒரு படி மேலே போனார். பாட்டின் எண்ணிலேயே திணையை ஒளித்துவைத்தார். ஒற்றைப்படை எண்ணெல்லாம் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிவது குறிஞ்சி. நான்கில் முடிவது முல்லை, ஆறில் முடிவது மருதம், பத்துப் பத்தாக வருவது நெய்தல். 400 பாடல்களில் 200 பாலை, 80 குறிஞ்சி, மற்ற மூன்றும் நாற்பது நாற்பது. அழகான ஏற்பாடு, பாட்டைப் படிக்காமலே 346ஆம் பாட்டு மருதம் என்று சொல்லிவிடலாம். நூல் முடிந்துவிட்டதால் தொல்லையில்லை. உயிரோடு வளரும் பதிவேட்டில் இப்படிச் செய்தால் ஆபத்து. நாளை ஒரு பாட்டு திணை மாறினால், அல்லது இன்னும் பத்துக் குறிஞ்சிப் பாட்டு கிடைத்தால், எண்களையெல்லாம் மாற்ற வேண்டிவரும். எண்ணுக்குள் பொருளை வைக்காதே என்று தரவுத்தளம் கட்டுபவர்கள் சொல்வதற்கு இதுவே காரணம்.

அதற்காகப் பெயரையே அடையாளமாக நம்பினாலும் ஆபத்துதான். ஊர்ப்பெயர்களில் இது நன்றாகத் தெரியும். கொட்டச்சேடு என்பதை ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டு, ஊர் தெரியாத ஒருவரிடம் தமிழில் திருப்பி எழுதச் சொல்லுங்கள். முதல் உயிர் ஒகரமா ஓகாரமா, இரட்டை எழுத்து ட்டவா த்தவா, அதன்மேல் அகரமா ஆகாரமா, சகரம் ஒற்றையா இரட்டையா, அடுத்தது எகரமா ஏகாரமா, கடைசி மெய் டகரமா தகரமா. ஆறு இடங்களில் இரண்டிரண்டு வழி, மொத்தம் 64 ஊர்கள்! அவற்றில் 63 உலகத்தில் இல்லை. ஏற்காடு மட்டும் என்ன வாழ்ந்தது? ஏகாரத்தில் தொடங்கும் சொல்லை நாம் யகரம் ஒட்டி உச்சரிப்பதைக் கேட்ட வெள்ளைக்காரர் ஒய் போட்டுத் தொடங்கினார், 'காடு' என்பதில் அவர் காலத்து வழக்கப்படி ஆகாரத்துக்கு ஏயும் யூவும் போட்டார். ஏரியும் காடும் சேர்ந்த ஊர் என்பது ஊரறிந்த விளக்கம். ஆனால் ஏரியில் இருப்பது இடையின ரகரம், பெயர்ப்பலகையில் நிற்பது வல்லின றகரம். சேர்வராயனிலோ ரகர ஒற்றையே ஆங்கிலம் விழுங்கிவிட்டது.

ஆகவே மத்திய அரசு 2011இல் ஆள் அடையாளத்துக்கும் நிலப்பகுதிக் குறியீட்டுக்குமான மீத்தரவுத் தரங்களை வெளியிட்டபோது, பெயரை அடையாளமாக நம்பவில்லை. அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆறு இலக்க எண் ஒன்று கிடைத்தது. நாட்டில் வேறெந்த ஊருக்கும் அதே எண் இல்லை. ஊராட்சி அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவு இவ்வகை எண்களைப் பொதுச் சொத்தாக வைத்திருக்கிறது. எந்தத் துறையின் மென்பொருளும் எடுத்துப் பயன்படுத்தலாம். தமிழ்நாட்டுக்கு எண் 33. கிராமம் ஒரு வட்டத்திலிருந்து இன்னொரு வட்டத்துக்குப் போகலாம், பெயரின் எழுத்து திருத்தப்படலாம், எண் கூடவே போகும். பெயர் மனிதருக்கு, எண் எந்திரத்துக்கு, இரண்டையும் இணைக்கும் குறிப்பு இருவருக்கும்.

மலையாளியின் அடைப்புக்குறி இந்த வசதி பிறப்பதற்கு முன்னால் எழுதப்பட்டது. இன்றுள்ள வாசகம் 1976இன் திருத்தச் சட்டம் தந்தது. அதில் உள்ள ஆறு மாவட்டங்களில் வட ஆர்க்காடும் தென் ஆர்க்காடும் இன்று வரைபடத்தில் இல்லை. வட ஆர்க்காடு 1989இல் வேலூர்ப் பகுதியும் திருவண்ணாமலைப் பகுதியுமாகப் பிரிந்தது. 2019இல் வேலூரிலிருந்து திருப்பத்தூர் பிரிந்தது. ஏலகிரி இப்போது அங்கே. தென் ஆர்க்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் ஆனது. விழுப்புரத்திலிருந்து 2019இல் கள்ளக்குறிச்சி வந்தது, கல்வராயன் மலையின் பெரும்பகுதியோடு. சேலத்திலிருந்து 1997இல் நாமக்கல் போனபோது கொல்லிமலையும் போயிற்று. மாவட்டத்தின் பெயர் செத்ததால் மனிதரின் உரிமை சாகாது. 1976இன் எல்லையே சட்டத்தின் எல்லை. விண்ணப்பப் படிவமோ இன்றைய மாவட்டங்களைத்தான் காட்டும், கள்ளக்குறிச்சிக்காரர் தென் ஆர்க்காடு என்று தேர்ந்தெடுக்க வழியில்லை. ஆக, இன்றைய மாவட்டம் அன்று எதற்குள் இருந்தது என்ற வமிசாவளியை யாராவது எழுதிவைக்க வேண்டும். பழைய நிலத்தின் உரிமையைச் சொல்லப் பழைய பெயரைக் காப்பாற்றும் மீத்தரவு அது. இதை ஒருமுறை சரியாக எழுதி ஒரு பொதுச் சேவையாக வைத்துவிட்டால் கல்லூரியும் தேர்வாணையமும் தாலுகா அலுவலகமும் அதையே கேட்டுக்கொள்ளலாம். ஆளுக்கு ஒன்றாக எழுதினால், ஓரிடத்தில் பழங்குடியாக இருப்பவர் மற்றோரிடத்தில் விளக்கக் கடிதம் கொடுத்துக்கொண்டு நிற்பார்.

இந்த வமிசாவளியை ஈரோட்டுக்கும் போட்டுப் பார்க்கலாம். அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையிலும், சத்தியமங்கலம் பக்கத்துக் கடம்பூர் மலையிலும் மலையாளிகள் இருக்கிறார்கள். பெயரில் ஓர் எழுத்தும் வேறுபடாது. ஈரோடு மாவட்டம், பெரியார் மாவட்டம் என்ற பெயரில், 1979இல் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்தது. கோயம்புத்தூர் அந்த ஆறில் இல்லை. தங்களையும் சேர்க்க வேண்டும் என்று அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். அட்டவணையில் ஒரு வரி கூட்டுவது நிரலருக்கு ஒரு நிமிட வேலை. அந்த வரியைக் கூட்டும் அதிகாரம் அரசியல் சாசனத்தின் 342ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்துக்கு மட்டும் உண்டு. 2022 டிசம்பரில் நரிக்குறவரையும் குருவிக்காரரையும் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை அது நிறைவேற்றியபோது, மலையாளிக்குப் பக்கத்தில் இருக்கும் அடைப்புக்குறியை யாரும் தொடவில்லை.